பாட்டியின் ரேந்தை ஓரத்தை வைத்து ஒரு கார்டிகன்: நூல், அளவு, கணக்கு

கேள்வி இதுதான்: பழைய தலையணை உறை ஒன்றின் ஓரத்தில் பாட்டி கையால் பின்னிய ரேந்தை (லேஸ்) இருக்கிறது. அந்த டிசைனை எடுத்து ஒரு கார்டிகன் பின்ன வேண்டும். இருப்பது நாகர்கோவில் பக்கம். மார்பளவு 36 அங்குலம். நிட், பர்ல் இரண்டும் தெரியும், பெரிய உருப்படி எதுவும் பின்னியதில்லை. என்ன நூல், எத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்), ரேந்தையை நிட்டிங்குக்கு எப்படி மாற்றுவது?

முதலில் கையில் இருப்பது எந்த வகை ரேந்தை என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது, இரண்டுக்கும் கணக்கு வேறு. நாகர்கோவில் லேஸ் என்று பெயர் வாங்கியது, உருளைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. 1819இல் லண்டன் மிஷன் ஊழியராக நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அவர் மகள் எலைசாதான் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் ரேந்தைப் பள்ளி நடத்தியவர். இன்னொன்று கொக்கி ஊசியால் போடும் குரோஷா. முளகுமூடு போன்ற இடங்களில் கன்னியர் மடங்களைச் சுற்றி வளர்ந்த கைவேலையோடு வீடு வீடாகப் பரவியது. தலையணை உறை, டிவி விரிப்பு, பீடத் துணி ஓரம் என்று இன்று வீட்டுப் பெட்டிகளில் அகப்படுவது பெரும்பாலும் இதுதான்.

பிரித்தறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். குரோஷாவில் ஒவ்வொரு புள்ளியிலும் சங்கிலி மாதிரி வளையம் தெரியும். கட்டங்கட்டமாகச் சில நிறைந்தும் சில வெறுமையாகவும் இருக்கும். குச்சி ரேந்தையில் வளையமே இராது. நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டியும் முறுக்கியும் போகும். அடர்ந்த இடங்கள் நெய்த துணி போலவே இருக்கும். பின்னல் கோடுகள் பெரும்பாலும் சாய்வாக ஓடும்.

குரோஷா கட்ட ரேந்தை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒவ்வொரு கட்டத்தையும் நிட்டிங்கில் 3 கண்ணி அகலம், 4 வரி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரி என்ற பின்னலில் 3 கண்ணி 1.36 செ.மீ., 4 வரி 1.33 செ.மீ. சதுரம் சதுரமாகவே விழும். குச்சி ரேந்தைக்கு இந்த வசதி இல்லை. அதன் சாய்வுக் கோடுகள் பொதுவாக 45 பாகை. நிட்டிங்கில் இரண்டு வரிக்கு ஒரு கண்ணி வீதம் துளையை நகர்த்தினால் சாய்வு 56 பாகைக்கு நிமிர்ந்துவிடும்; பாட்டியின் சதுரக் கல், அதாவது வைர வடிவம், வேல்முனை போல நீளும். அதைத் தடுக்க ஒரே வழி, ரேந்தையை அச்சுப் பிசகாமல் நகலெடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, அதன் உருவத்தை மட்டும் மேலே சொன்ன 3க்கு 4 கட்டத்தாளில் திரும்ப வரைவது. கட்டத்துக்குக் கட்டம் மூலையோடு மூலையாக நகர்ந்தால் சாய்வு 45 பாகைக்கு மிக அருகில் வந்துவிடும்.

வரைவதற்கு முன் ரேந்தையை ஒரு கறுப்புத் துணிமேல் இழுக்காமல் விரித்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். கட்டங்களை எண்ணுங்கள், அளக்காதீர்கள். ஐம்பது வருடம் துவைத்து இழுத்த நூலில் அளவு பொய் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது.

இங்கே ஒரு கருத்து, கண்டிப்பாகவே சொல்கிறேன். ரேந்தையில் வலைதான் தரை, நிறைந்த கட்டம்தான் பூ. கார்டிகனில் அதைத் தலைகீழாக்குங்கள்: வெற்றுப் பின்னல் (துளையில்லாமல் ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல்) தரை, துளைதான் பூ. உடம்பு முழுக்க வலை போட்டால் பருத்தி நூல் தன் பாரத்திலேயே தொங்கி, இரண்டாவது மாதமே மீன்வலை ஆகிவிடும். பாரம்பரியத்தை உடுப்பு முழுக்க அப்பவும் வேண்டாம். முன்பக்கம் இரண்டிலும் ஒரு நெடும்பட்டி, கையில் ஒரே ஒரு பூ, அது போதும். அயர்லாந்தின் ஆரன் தீவு ஸ்வெட்டர்களில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் இருந்ததாகச் சொல்வதெல்லாம் விற்பனைக்காக 20ஆம் நூற்றாண்டில் ஊதிப் பெருத்த கதை. உங்களிடம் நிஜமாகவே ஒரு கைத்துண்டு இருக்கிறது. அதை அடையாளம் தெரியும்படி ஓரிடத்தில் வைத்தால் பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

நூலும் ஊசியும்

கம்பளி வேண்டாம். மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊர். இங்கே கார்டிகன் தேவைப்படுவது ஏசி அலுவலகத்துக்கும், இரவு ரயிலுக்கும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஓட்டுவதற்கும்தான். அக்ரிலிக் மலிவு, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. துளைப் பின்னலைத் துவைத்து விரித்தால் அகலத் திறந்து நிற்கவும் செய்யாது, பழையபடி சுருங்கிக்கொள்ளும். பளபளப்பு ஏற்றிய, அதாவது மெர்சரைஸ் செய்த பருத்தி நூல்தான் சரி. துளை கூர்மையாகத் தெரியும், பிசிறு குறைவு. லேபிளில் 50 கிராமுக்கு 110 முதல் 125 மீட்டர் என்று இருக்க வேண்டும். அதே 50 கிராமில் 160 மீட்டர் என்றிருந்தால் அது மெலிந்த நூல். கீழே தரும் எண்கள் எதுவும் பொருந்தாது.

இந்த அளவுக்கு 50 கிராம் உருண்டை 10 ஆகும், 11 வாங்குங்கள், எல்லாம் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே சாயத் தொகுதியில். வெள்ளையில்கூட லாட் மாறினால் முதுகும் முன்பக்கமும் இரண்டு நிறமாகத் தெரியும். நிறம், பால் வெள்ளையைவிட லேசாகச் சந்தனம் தட்டிய வெள்ளை நல்லது. பழைய ரேந்தைக்குப் பக்கத்தில் வைத்தால் உறுத்தாது.

திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து கோன் நூல் வாங்கிப் பின்னலாமா என்றால், பின்னலாம், கணக்குத் தெரிந்தால். பருத்தி நூல் எண்ணை 1.69ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 2/10 நூல் என்றால் 10 நம்பர் இழை இரண்டு சேர்ந்தது, அதாவது 5. கிராமுக்கு ஏறக்குறைய 8.5 மீட்டர். அதை நான்கு இழையாகச் சேர்த்துப் பின்னினால் 50 கிராமுக்கு 106 மீட்டர், கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய தடிமன். விலை குறையும். ஆனால் நான்கு இழையும் முறுக்கில்லாமல் கிடப்பதால் ஊசி நடுவில் புகுந்து ஓரிழை விட்டுப்போகும். முதல் உருப்படிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசி இரண்டு ஜோடி: 4 மி.மீ., 3.25 மி.மீ. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்படி இவை 8 நம்பர், 10 நம்பர். அமெரிக்க பேட்டர்னில் 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. இணையத்திலிருந்து பேட்டர்ன் இறக்கி, கடையில் எண் சொல்லி ஊசி வாங்கியவர்கள் பாதிப்பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். மி.மீ. சொல்லிக் கேளுங்கள்.

மாதிரித் துண்டு

4 மி.மீ. ஊசியில் 33 கண்ணி போட்டு 46 வரி, ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல். நடுவில் நாலைந்து துளைகளும் போட்டுப் பாருங்கள் (போடும் விதம் கீழே பூப்பட்டியில்). பின்னி முடித்ததும் அளக்காதீர்கள். கார்டிகனை எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, தட்டையாகக் காய வைத்து, பிறகு மேல் விளிம்பில் கிளிப் போட்டு ஒரு நாள் தொங்கவிட்டு, அப்புறம் அளங்கள். 15 செ.மீ.க்கு 33 கண்ணி, 45 வரி வர வேண்டும். கண்ணி குறைவாக வந்தால் ஊசி ஒரு அளவு சின்னது, கூடுதலாக வந்தால் பெரியது. 10 செ.மீ.யில் ஒரே ஒரு கண்ணி குறைந்து 21 ஆனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். 50 செ.மீ. முதுகு 52.4 ஆகும்; முழுச் சுற்றில் ஏறத்தாழ 5 செ.மீ. கூடிப்போகும்.

இந்தத் துண்டு இன்னொரு வேலையும் செய்யும். நகைக்கடைத் தராசோ சமையலறை டிஜிட்டல் தராசோ இருந்தால் நிறுத்துப் பாருங்கள். 15க்கு 15 செ.மீ. துண்டின் எடையை 37ஆல் பெருக்கினால் இந்தக் கார்டிகனின் எடை. அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் வாங்க வேண்டிய நூல்.

வெட்டு

நேர்வெட்டாக, கை இறங்கிய தோளாக வைத்துக்கொள்ளலாம். காரணம் இரண்டு. கைக்குழி வளைவு இல்லை, முதல் உருப்படிக்கு எளிது. இரண்டாவது, இந்த ஊர்ப் பெண்கள் அன்று உடுத்த குப்பாயம் என்ற சட்டையும் இதே தளர்வான நேர்வெட்டுத்தான். தோள்சீலைப் போராட்டக் காலத்தில், 1859இல் மேலாடைக்கு அரச அனுமதி வரும்வரை, எது உடுக்கலாம் எது கூடாது என்ற வழக்கில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர் அது. ரேந்தையும் மிஷன் பள்ளிகளும் அந்தச் சட்டையும் ஒரே காலத்தில், ஒரே தெருக்களில் நடந்தவை. வெட்டும் ஓரமும் ஒரே வரலாற்றிலிருந்து வரட்டும்.

ஐந்து துண்டாகத் தனித்தனியே பின்னித் தைப்பதுதான் இந்த நூலுக்கு நல்லது. தையலே இல்லாமல் கழுத்திலிருந்து கீழே ஒரே மூச்சில் பின்னுவது இப்போது மோஸ்தர். கம்பளிக்கு அது பரவாயில்லை. அரைக்கிலோ பருத்தியைத் தாங்கிப் பிடிக்க எலும்பு வேண்டும். அந்த எலும்பு தையல்தான்.

முடிந்த அளவு: சுற்று 100 செ.மீ., உயரம் 56, கை 43. வழக்கமாக வைப்பதைவிட உயரமும் கையும் 2, 3 செ.மீ. குட்டைதான். உடுத்த உடுத்தப் பருத்தி அதை இறக்கிவிடும்.

முதுகு: 3.25 ஊசியில் 112 கண்ணி. ஒரு நிட் ஒரு பர்ல் ரிப், 18 வரி, சுமார் 5 செ.மீ. பருத்தி ரிப் இழுத்தால் திரும்பாது என்பதால் நல்ல பக்கத்து (வெளியே தெரியும் பக்கத்து) நிட் கண்ணிகளைப் பின்வளையத்தில் ஊசி விட்டு முறுக்கிப் போடுங்கள். உள்பக்க வரியில் அதே கண்ணிகளைப் பின்வளையத்தில் பர்ல். 4 மி.மீ.க்கு மாறி 146 வரி வெற்றுப் பின்னல். பிறகு 38 கண்ணி பின்னி, நடு 36ஐ மூடி, மீதி 38. இரு பக்கத்தையும் தனித்தனியே, கழுத்தோரம் நல்ல பக்க வரியில் ஒவ்வொரு கண்ணியாக இரண்டு முறை குறைத்தால் தோளுக்கு 36 நிற்கும். ரிப் நீங்கலாக மொத்தம் 152 வரி ஆனதும் தோள் கண்ணிகளை மூடாமல் மிச்ச நூலில் கோத்து வையுங்கள்.

வலது முன்பக்கம்: 53 கண்ணி, அதே ரிப் 18 வரி. 4 மி.மீ.க்கு மாறி 4 வரி வெற்று. இனிப் பூப்பட்டி. நல்ல பக்கத்தில் வரி தொடங்குவது பொத்தான் விளிம்பிலிருந்து: விளிம்பு 1, வெற்று 5, பூ 21, வெற்று 25, விளிம்பு 1. பூ 7 கட்டம் அகலம், 7 கட்டம் உயரம். உங்கள் ரேந்தையில் வேறு உருவம் இருந்தாலும் 7 கட்டத்துக்குள் அடங்கினால் இதே கணக்கு ஓடும். உதாரணத்துக்கு, நடுவில் சிலுவை வைத்த ஒரு கல்:

· · · ○ · · ·
· · ○ · ○ · ·
· ○ · ○ · ○ ·
○ · ○ ○ ○ · ○
· ○ · ○ · ○ ·
· · ○ · ○ · ·
· · · ○ · · ·

புள்ளி இருக்கும் கட்டத்தில் நிட் 3. வட்டத்தில் நிட் 1, ஊசிமேல் நூல் ஒரு சுற்று, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒரு நிட். மூன்று கண்ணி மூன்றாகவே நிற்கும். இது கட்டத்தின் முதல் வரியில் மட்டும். அடுத்து பர்ல், நிட், பர்ல் என மூன்று வரி வெறுமனே. நான்கு வரி முடிந்தால் படத்தில் ஒரு படி மேலே. கீழிருந்து தொடங்குங்கள். இந்தக் கல்லுக்கு மேல் கீழ் ஒன்றுதான். உங்கள் ரேந்தையில் மயிலோ கிண்ணமோ இருந்தால் தலைகீழாகிவிடும், கவனம்.

ஒரு பூ 28 வரி, இடையில் 4 வரி வெற்று. நான்கு பூ அடுக்கினால் 124. தொடக்கத்து 4ஐச் சேர்த்து 128. சரியாக அங்கே கழுத்து தொடங்குகிறது, பூ எதுவும் பாதியில் வெட்டுப்படாது. நல்ல பக்க வரித் தொடக்கத்தில் 7 கண்ணி மூடுங்கள்; அடுத்த நல்ல பக்க வரிகளில் 3, பிறகு 2, பிறகு ஒவ்வொன்றாக ஐந்து முறை. மொத்தம் 17 போய் 36 நிற்கும். முதுகைப் போல 152 வரி ஆகும்வரை நேராகப் பின்னி நிறுத்துங்கள்.

இடது முன்பக்கம் கண்ணாடி பிம்பம்: விளிம்பு 1, வெற்று 25, பூ 21, வெற்று 5, விளிம்பு 1. கழுத்து மூடுவது உள்பக்க வரித் தொடக்கத்தில். ஒரு நுணுக்கம் இங்கே. இரண்டைச் சேர்த்துப் போடும் நிட் வலப்புறம் சாயும். இரண்டு முன்பக்கத்திலும் அதையே போட்டால், துளைகளுக்குப் பக்கத்துச் சின்னக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, உடுத்தும்போது ஒரு பக்கம் காற்றடித்த வயல் போலத் தெரியும். இடதில் வட்டக் கட்டத்தை இப்படிப் போடுங்கள்: இரண்டு கண்ணியையும் நிட் போடுவது போல ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு நழுவவிட்டு, இடது ஊசியை அவற்றின் முன்புறம் புகுத்தி, இரண்டையும் பின்பக்கமாகச் சேர்த்து நிட், நூல் சுற்று, நிட் 1. துளை அதே நடுவில் விழும், சாய்வு எதிர்ப்புறம் போகும்.

கை, இரண்டு: 51 கண்ணி, ரிப் 18 வரி. பிறகு 4 வரி விட்டு நடுவில் ஒரே பூ. 15 வெற்று, 21 பூ, 15 வெற்று. இருபக்கமும் விளிம்புக்கு உள்ளே ஒவ்வொரு கண்ணி கூட்டுவது 6 வரிக்கு ஒரு முறையாக 14 தடவை, பிறகு 4 வரிக்கு ஒரு முறையாக 6 தடவை. 91 கண்ணி ஆகும். இன்னும் 6 வரி பின்னி, தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடினால் அக்குளில் பிடிக்கும்.

பின்னும்போது கெடுவது எங்கே

துளை காணாமல் போவதுதான் அதிகம். சுற்றிய நூலைப் பர்ல் வரியில் கண்ணி என்று நினைக்காமல் நழுவவிட்டால், ஒரு கண்ணி குறையும், கல் ஒரு பக்கம் நொண்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் 21ஐ எண்ணிவிடுங்கள். பூவின் இரு பக்கமும் வேறு நிற நூல் வளையம் ஒன்றை ஊசியில் மாட்டி வைத்தால் எண்ணுவது நொடி வேலை. பத்து வரி கழித்துத் தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். துளை விழுந்திருக்க வேண்டிய வரியிலிருந்து, பக்கத்துக் கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் நூலைக் குரோஷா கொக்கியால் ஏணிப்படி போல மேலே இழுத்து ஏற்றலாம். சற்று இறுக்கமாக வரும், துவைத்தால் சமமாகும்.

அடுத்தது வரிகள் கோடு கோடாகத் தெரிவது. பர்ல் வரி தளர்ந்து நிட் வரி இறுகினால் கம்பளி மன்னிக்கும், பருத்தி மன்னிக்காது. பர்ல் போடும் கை ஊசியை மட்டும் 3.75க்கு மாற்றுங்கள், மாதிரித் துண்டையும் அப்படியே பின்னி அளக்க வேண்டும்.

புது உருண்டை சேர்ப்பது எப்போதும் பக்கத் தையல் விளிம்பில். பொத்தான் விளிம்பிலோ வரி நடுவிலோ முடிச்சு வந்தால் பின்னால் துருத்தும். நூல் நுனிகளை 5 செ.மீ. ஒரு திசையிலும், திரும்பி எதிர்த்திசையிலும் செருகுங்கள். வழுக்கும் நூல் இது. ஒரு திசையில் மட்டும் செருகினால் மூன்றாவது துவைப்பில் நுனி வெளியே எட்டிப் பார்க்கும்.

தைப்பதும் பட்டியும்

தைக்கும் முன் ஐந்து துண்டையும் நனைத்து, துண்டில் சுருட்டி நீரைப் பிழியாமல் அழுத்தி எடுத்து, அளவுக்கு விரித்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காய விடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இதைச் செய்யாதீர்கள். மழை விடாத நாளில் பருத்தி இரண்டு நாள் ஈரமாகவே கிடந்து கரும்புள்ளி பிடிக்கும், அது போகாது. வேறு வழியில்லையென்றால் மின்விசிறிக்கு நேர் கீழே.

தோள்: முன்னும் பின்னும் நல்ல பக்கங்களை எதிரெதிரே வைத்து, மூன்றாவது ஊசியால் இரண்டு ஊசிக் கண்ணிகளையும் ஒன்றாக மூடுங்கள். மூடியதும் உள்பக்கம் அரை அங்குலப் பருத்தி நாடா ஒன்றைத் தோள் நீளத்துக்கு, முதுகுக் கழுத்தையும் தாண்டி மறு தோள்வரை ஒரே துண்டாக, கைத்தையல் போட்டுவிடுங்கள். நாடாவை முதலில் தண்ணீரில் போட்டுச் சுருங்க வைத்திருக்க வேண்டும். இதை விட்டால் வருடத்துக்குள் தோள் முழங்கையை நோக்கி நடக்கத் தொடங்கும்.

கையைத் தோள் தையலிலிருந்து இருபுறமும் 20.5 செ.மீ. இறக்கத்துக்குள் பொருத்துங்கள். கையின் 3 கண்ணிக்கு உடம்பின் 4 வரி. அதே 3க்கு 4தான், இந்த உருப்படி முழுக்க அதுதான் ஓடுகிறது. பக்கத்தையும் கையடியையும் ஒரே நேர்த்தையலில் முடியுங்கள்.

கழுத்துப்பட்டி: 3.25 ஊசியில் வலது முன் 25, பின் 41, இடது முன் 25, ஆக 91 கண்ணி எடுத்து 8 வரி ரிப். பிறகு பொத்தான் பட்டி, விளிம்பின் 4 வரிக்கு 3 கண்ணி வீதம் எடுங்கள்: ரிப்பில் 14, உடம்பில் 96, கழுத்துப்பட்டியில் 7, ஆக 117. பதினொரு வரி ரிப், அகலம் சுமார் 3 செ.மீ. வலது பட்டியின் ஐந்தாவது வரியில் துளை: 4 கண்ணி, பிறகு இரண்டைச் சேர்த்து நூல் சுற்று, 16 கண்ணி என ஆறு முறை, இன்னொரு துளை, 3 கண்ணி. ஏழு பொத்தான். பட்டி அலையலையாக நெளிந்தால் கண்ணி அதிகம், உடம்பைச் சுருக்கி மேலே தூக்கினால் குறைவு. துவைத்தால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளாமல் பிரித்துவிடுங்கள். 117 கண்ணிதானே, ஒரு மாலை வேலை.

பொத்தான் 12 மி.மீ. சிரட்டைப் பொத்தான் இந்த வெள்ளைக்கு அழகாக இருக்கும். ஆனால் எண்ணெய் தடவி மெருகேற்றியது வேண்டாம், நூலில் கறை இறங்கும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பொத்தானை அழுந்தத் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். துளையின் விளிம்பு கூராக இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தைத்த நூலை அதுவே அறுத்துவிடும்.

பழைய ரேந்தையையே வைத்துத் தைக்கலாமா

வெட்டாதீர்கள். அதுதான் முதல் விதி. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் துருக்கறை, அந்த இடத்து நூல் பொடியாகும் நிலையில் இருக்கும். பிளீச்சிங் போட்டால் கறையோடு நூலும் போகும். நூல் உறுதியாக இருந்தால் மட்டும் உறையிலிருந்து தையலைப் பிரித்து, ஒரு மெல்லிய பருத்தி நாடாவில் ரேந்தையைக் கைத்தையலால் இணைத்து, அந்த நாடாவைக் கழுத்துப்பட்டியின் உள்ளே பெரிய தையலாக ஓட்டி, கழற்றி மாட்டும் காலராக வைக்கலாம். ஒவ்வொரு துவைப்புக்கும் முன் கழற்றித் தனியாக, வாஷிங் பவுடர் இல்லாமல் மென்மையான சோப்பு நீரில் ஊற வைத்து எடுக்க வேண்டும். கஞ்சி போடக் கூடாது. அந்தக் காலத்தில் ரேந்தை விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டார்கள். பெட்டியில் ராமபாணப் பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சிக்குத்தான். பிளாஸ்டிக் கவரிலும் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே வியர்த்துவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியில், மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

கார்டிகனையும் ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், மடித்து வையுங்கள். மிஞ்சிய உருண்டையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டரைத் தளர்வான கண்டாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, கார்டிகனைத் துவைக்கும்போதெல்லாம் கூடவே துவைத்து வாருங்கள். ஐந்து வருடம் கழித்து முழங்கை தேய்ந்தால், ஒட்டுப் போட அதே அளவுக்கு மங்கிய நூல் கையில் இருக்கும்.